தாளிக்காத வீடு

சித்திரை பிறந்துவிட்டால் அம்சாவுக்கு உள்ளங்கால் நோக ஆரம்பித்துவிடும். முள் தைத்த நோவு இல்லை, சுளுக்கும் இல்லை. உள்ளே யாரோ தணலை வைத்து ஊதுவதுபோல ஒரு காந்தல். இடது கட்டைவிரலுக்குக் கீழே பிடித்துக் குதிகால்வரை போகும். அந்த வழி நெடுக, சின்ன வயதில் வெந்து ஆறிய தோல் பனங்கிழங்குத் தோலாய்ச் சுருங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அதை வாயு என்றார். வாயு எப்படிப் பஞ்சாங்கம் பார்த்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை.

மற்ற பதினொரு மாதமும் அந்தக் கால் எதற்கும் அசராது. விழுப்புரம் ரயில் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த சாம்பல் மேட்டில் அவளுக்கு வேலை. எஞ்சின் வயிற்றிலிருந்து வாரியெடுக்கிற சாம்பலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். தண்ணீர் அடித்த பிறகும் அடியில் கனல் உயிரோடு இருக்கும். பெண்கள் முறமும் சல்லடையுமாக ஏறி, பாதி வெந்த கரியைப் பொறுக்கி, டீக்கடைக்கும் இஸ்திரி போடுகிறவனுக்கும் கூடைக் கணக்கில் விற்பார்கள். அம்சாவின் புருஷன் அப்பாதுரை அந்த எஞ்சின்களின் அடியில் குழிக்குள் நின்று சாம்பல் இழுக்கிறவன். புருஷன் வாரிக் கொட்டுறதை பெண்டாட்டி பொறுக்குறா, இந்தக் குடித்தனம் எப்போ முன்னேறும் என்று ரயில்வே லைன் வீடுகளில் கேலி பேசுவார்கள்.

மேட்டில் ஏறுகிற எவளுக்கும் முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றுதான். தணலில் நடக்கலாம், நிற்கக் கூடாது. நடக்கிற காலைச் சூடு பிடிப்பதற்குள் கால் எடுபட்டுவிடும். நின்றால் பிடித்துக்கொள்ளும். முன்னால் போகிறவள் கூடையை இறக்கி இடுப்பைச் சொறிந்துகொண்டு நின்றாலே பின்னால் வருகிறவள் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். பக்கத்து வீட்டு இருதயமேரி நின்று கதை பேசுகிறவள். அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவளும் அவள்தான்.

லைனில் அம்சாவின் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது: தாளிக்காத வீடு. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தால் அம்சாவுக்கு முதுகு வேர்த்துவிடும், கை நடுங்கி கரண்டி நழுவும். கலியாணமான புதிதில் இரண்டு தடவை முயன்று பார்த்தாள். இரண்டு தடவையும் அடுப்பைவிட்டு வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தாள். அதோடு சரி. குழம்பு கொதிக்கும், இறக்குவாள். எங்க வூட்டுக் கொழம்புக்கு வாயில்ல, சத்தமே போடாது என்று அப்பாதுரை பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கேலியும் தாளிக்காத குழம்பாகிவிட்டது.

ஏன் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எங்கம்மா தாளிச்சா, அம்மன் என் காலைச் சுட்டுட்டா.

திண்டிவனத்துக்கு மேற்கே சாத்தமேடு அவள் பிறந்த ஊர். அங்கே பாஞ்சாலியம்மனுக்குச் சித்திரையில் காப்புக் கட்டினால், அவிழ்க்கிறவரை ஊரில் ஒரு வீட்டிலும் எண்ணெய் வைத்துத் தாளிக்கக் கூடாது. கடுகு பொரிவது அம்மன் மேனியில் கொப்புளம் போடுவது மாதிரி என்பார்கள். அம்சாவுக்குப் பதினோரு வயதில், நாற்பத்து மூன்றாம் வருஷம், அவளும் விரதம் இருந்து தீ மிதித்தாள். அறுபது பேர் மிதித்ததில் அவள் ஒருத்திக்குத்தான் கால் வெந்தது. வீட்டில் யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள் என்றார் ஊர் நாட்டாண்மை சக்கரபாணி. கோயில் மண்டபத்தில் வைத்து அம்சாவையே கேட்டார்கள். உன் அம்மா தாளித்தாளா என்று கேட்டார்கள், ஆமாம் என்றாள். அம்மா வீரம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுக்காததே சாட்சியாயிற்று.

அன்றைக்குப் பிறகு சாமி ஊர்வலம் வீரம்மாள் வாசலில் நிற்கவில்லை. நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. புருஷன் பாண்டிச்சேரி மில்லுக்கு வேலைக்கென்று போனவன் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அம்சாவை விழுப்புரத்து மாமன் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தார். அவள் அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒருதரம் போவாள். அம்மா கையால் சோறு மட்டும் சாப்பிட மாட்டாள்.

இது அறுபத்திரண்டாம் வருஷம். போன தையில் அம்சாவின் மகள் கிருஷ்ணவேணிக்கு விஷக் காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் கிடந்தாள். பதினாறாம் நாள் வாய் கோணி உளறியபோது, தாயே புள்ளயக் குடு, உன் தீயில எறக்குறேன் என்று அம்சா வேண்டிக்கொண்டாள். குழந்தை எழுந்துவிட்டது. சேதி சாத்தமேட்டுக்குப் போயிற்று. சக்கரபாணி கார்டு எழுதினார்: சித்திரை கடைசி வெள்ளி தீமிதி. பெண்ணை அழைத்து வரவும். பேத்தி கால் பொத்தாமல், கொப்புளம் இல்லாமல், வெளியே வந்தால் பாட்டியின் குற்றம் கழிந்ததாக ஊர் ஏற்கும்.

அப்பாதுரை கார்டை இரண்டு தடவை படித்தான். பொத்தினா இன்னா ஆகும்னு எழுதலியே என்று மட்டும் கேட்டான். அம்சா அன்றைக்கே மகளுக்கு விரதம் தொடங்கிவிட்டாள். காலையில் கேப்பைக் கூழ், இருட்டுவதற்கு முன்னால் உப்பில்லாத சோறு ஒரு பிடி. நடுவில் தண்ணீர். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை, கன்னம் ஒட்டிக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். அம்மன் சோதிக்கிறாள் என்றாள் அம்சா. உள்ளங்கால் அன்று முழுக்க எரிந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் கரிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். கிருஷ்ணவேணியின் பாவாடையில் பொரித்த நெத்திலி வாடை அடித்தது. இருதயமேரிக்கு அந்தச் சமயம் ஈஸ்டருக்கு முந்தின நோன்பெல்லாம் முடிந்து, வீட்டில் தினமும் கருவாடுதான். அம்சா மகளின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த முறத்தின் விளிம்பால் முதுகில் அடித்தாள்.

"சொல்லு. தின்னியா?"

இல்லை என்றது பிள்ளை. மறுபடி அடித்தாள். மறுபடி கேட்டாள். நாலாவது தடவை கேட்கும்போது, அந்தக் குரல் தன் குரல் மாதிரி இல்லையே என்று அம்சாவுக்கே தோன்றியது. ஆனால் கை நிற்கவில்லை.

"ஆமா. தின்னேன்."

கை நின்றது. அதற்குள் இருதயமேரி ஓடிவந்து முறத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

"இன்னாடி பேய் புடிச்சவளே. அது எங்கடி தின்னுச்சு? நான் தட்டுல வெச்சு நீட்டுறேன், ரெண்டு கையயும் பின்னால கட்டிக்கினு நிக்குது. வேணாம் அத்த, அம்மனுக்கு இருக்கேன்னுது. வாசனயத்தான் மோந்துக்கினு நின்னுச்சு. மூக்குக்குமாடி விரதம்?"

அம்சா மகளைப் பார்த்தாள். "அப்புறம் ஏன்டி தின்னேன்னு சொன்ன?"

கிருஷ்ணவேணி அழவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே, கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். "நீ ஆமாங்கறதுக்குத்தான கேட்டுக்கினே இருந்த. சொன்னா அடிக்கறத வுட்டுடுவேன்னு தோணுச்சு."

அம்சா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். இருதயமேரி பேசிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் காதில் விழவில்லை. பதினோரு வயதில் கிடந்த மண்டபத்துக் கல்தரையின் சில்லிப்பு முதுகில் ஏறியது. இரண்டு காலும் வாழையிலைக்குள். ஒருத்தி தலையைப் பிடித்திருந்தாள், ஒருவன் காதுக்கு அருகில் உடுக்கை அடித்தான், வேப்பங்கொத்து முகத்தில் விழுந்தது. சொல்லு, உங்கம்மா தாளிச்சாளா. தெரியாது என்றாள். தண்ணி என்றாள். சொல்லு, தண்ணி தர்றோம். எத்தனை தடவை கேட்டார்களோ. ஆமாம் என்றாள். தண்ணீர் வந்தது. அந்தச் சொம்புத் தண்ணீரின் ருசி பத்தொன்பது வருஷமாக அவள் நாக்கில் இருந்தது. அது எதற்குக் கொடுத்த கூலி என்பதுதான் மறந்துபோயிருந்தது. பிறகு மாமன் வீட்டில் ஆளாளுக்குக் கேட்கக் கேட்க, சொன்னதையே சொல்லிச் சொல்லி, அம்மா அடுப்புமுன் குந்தியிருந்ததும் கடுகு வெடித்ததும் கண்ணால் கண்டது மாதிரியே ஆகிவிட்டது. இப்போது கண்ணை மூடித் தேடினாள். அந்த அடுப்பில் நெருப்பே இல்லை. அன்றைக்கு வீட்டில் பழைய கூழ்தான்.

அப்பாதுரை வேலை முடிந்து கரி அப்பிய முகத்தோடு வந்தபோது, அவள் மகளுக்கு உப்பும் மோரும் போட்டுக் கூழ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள இருதயமேரி வீட்டு நெத்திலி. அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் நகத்துக் கரியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ பத்து வருஷமா நான் சப்புன்னு தின்னுக்கினு இருந்ததுக்கு அந்த ஊருதான் காரணமா" என்றான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு குரலை இறக்கினான். "லீவு சொல்லிட்டு நானும் வரட்டா?"

"வேணாம். நான் சொன்ன சொல்லு. நான்தான் போயி எடுக்கணும்."

"வேண்டிக்கினது?"

"அம்மனா வந்து புள்ளயக் கேட்டா? பயத்துல நான்தான் தூக்கிக் குடுத்தேன். பயந்தவ குடுக்கறத வாங்கிக்கறவ சாமியா இருக்க மாட்டா."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் அசந்துபோனாள். பழைய பயம் எட்டிப்பார்த்தது. போகட்டும், அது எட்டிப்பார்த்துக்கொண்டே கூட வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் மகளோடு திண்டிவனத்தில் இறங்கினாள். மேற்கே இரண்டு மைல் நடை. வெயில் அதற்குள் ஏறியிருந்தது. வீரம்மாள் வீட்டில் இல்லை. ஏரிக்குக் கீழே யாரோ ஒருவருடைய கழனியில், பிடுங்கிப்போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, செடிகளுக்கு நடுவில் குந்தி, காயைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டுப் படி பறித்தால் ஒரு படி கூலி. ஊர் காரியத்துக்குக் கூப்பிடாதே தவிர, கூலிக்குக் கூப்பிடும். பேத்தியைப் பார்த்ததும் கை மண்ணைத் தட்டி, பச்சைக்காயை உடைத்து அவள் வாயில் போட வந்தவள், விரதமாச்சே என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"குடும்மா, தின்னட்டும். அது தீ மிதிக்கல" என்றாள் அம்சா.

அவளும் செடியை இழுத்துப்போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கையில் வேலை இருந்தால் பேச்சு வரும். நாலு செடி பறித்து முடித்தாள்.

"அம்மா, அன்னிக்கி நீ தாளிக்கல."

வீரம்மாள் தலை நிமிரவில்லை. "தாளிக்கறதுக்கு வூட்டுல எண்ணெய் ஏதுடி. மாடத்துல வௌக்கு ஏத்தவே இல்ல."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல நீ? நான் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லி?" வீரம்மாள் மண் உதறினாள். "நான் இல்லேன்னா நீ பொய்க்காரின்னு ஆவும். அம்மன் மின்னால பொய் சொன்ன புள்ளய இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். நாக்குல கற்பூரம் கொளுத்தி வெப்பாங்க. காலு வெந்து கெடக்கற புள்ளைக்கு நாக்கையும் குடுக்கச் சொல்றியா? பழி எனக்கு வந்தா நான் சொமக்கறேன், உடம்பு பெருசு."

அம்சா இன்னொரு செடியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னை நீ வெறுக்கலியா என்று கேட்டாள். வீரம்மாளுக்குக் கோபம் வந்தது. வருஷத்துக்கு ஒருதரம் வந்து என் வூட்டுத் தண்ணிகூடக் குடிக்காம போவியே, அப்போ செருப்பால அடிக்கணும்னு இருக்கும் என்றாள். அடிச்சிருக்கலாம் என்றாள் அம்சா. செருப்பு ஏதுடி என்றாள் வீரம்மாள். கிருஷ்ணவேணி வாய் நிறைய மல்லாட்டையோடு சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மற்ற இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கோயில் திடலில் மத்தியானத்துக்கே கட்டை அடுக்கிக் கொளுத்தியாகிவிட்டது. சக்கரபாணி புளியமரத்தடிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல், கண்ணில் பூ விழுந்திருந்தது. அம்சா அம்மாவையும் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பெரியப்பா என்று கூப்பிட்டாள். பிள்ளையை இன்னும் மஞ்சள் துணி கட்டாமல் வைத்திருக்கிறாயே என்று அவர் கேட்டார். கட்டப்போவதில்லை என்றாள். கட்டை தள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் நின்றார்கள்.

"பெரியப்பா, நாப்பத்திமூணுல எங்கம்மா தாளிச்சான்னு நான் சொன்னேன். அது பொய்யி. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், நீங்க வுடல. தண்ணி கேட்டேன், ஆமான்னா தர்றேன்னீங்க. தவிச்சுப் போயி சொன்னேன். இப்போ முப்பது வயசுல, தாகம் இல்லாம, நானா சொல்றேன். எங்கம்மா தாளிக்கல."

சக்கரபாணி அவசரப்படவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பழுத்த மனிதர்.

"அப்போ உன் காலு ஏன் பொத்துச்சு? அறுவது பேரு எறங்குனதுல உனக்கு மட்டும்?"

"நின்னேன். அதான் பொத்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. அம்சா நிதானமாகச் சொன்னாள். மேட்டில் வேலை செய்தே அது தனக்குத் தெரிந்தது என்றாள். "நான் தணல்லதான் பொழைக்கிறேன் பெரியப்பா. நடக்கற கால அது ஒண்ணும் பண்ணாது. நின்னா புடிக்கும். எனக்கு மின்னால நீங்க எறங்குனீங்க. கரையேறுன ஒடனே உங்களுக்கு மால போட்டாங்க, நீங்க அங்கியே நின்னுட்டீங்க. உங்க ஈர வேட்டி என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. வழி இல்ல. நான் உள்ளயே நின்னுக்கினு இருந்தேன். உங்களக் குத்தம் சொல்ல வரல. பின்னால புள்ள வருதுன்னு நீங்க பாக்கல, அவ்ளோதான். ஆனா அதுக்கு எங்கம்மா பொறுப்பில்ல."

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி முன்னால் வந்தாள். வெள்ளையம்மாள், பூசாரி வீட்டுக்காரி. அன்றைக்கு அம்சாவின் தலையைப் பிடித்திருந்தவள். அவள் நாட்டாண்மையைப் பார்க்காமல் வீரம்மாளைப் பார்த்தே பேசினாள்.

"சொம்பு என் கையிலதான் இருந்துச்சு வீரம்மா. புள்ள நாக்க நீட்டிக்கினு கெஞ்சுச்சு. குடுக்காதன்னாங்க, குடுக்கல. எனக்கும் பொண்ணு இருந்துச்சு. ஆனா குடுக்கல."

சக்கரபாணி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காப்புக் கட்டின நாளில் பழசைக் கிளறக் கூடாது, அம்மன் காரியம் முடியட்டும், பேசிக்கலாம் என்றார். வேண்டுதலை மீறினால் பிள்ளைக்கு என்ன வருமோ என்று மெல்ல ஒரு வார்த்தையும் போட்டார். அம்சா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வரட்டும் பெரியப்பா. காய்ச்ச வந்தா ஆஸ்பத்திரி இருக்கு. போன தடவயும் ஊசியிலதான் எழுந்துச்சு. நான் அம்மனுக்கு சூடம் கொளுத்திக் கும்புடுவேன். என் புள்ளயக் கொளுத்த மாட்டேன்."

அவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் தணலைப் பரப்பினார்கள். அம்சா ஊரைவிட்டுப் போகவில்லை. ஈரப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழியின் மறுகரையில், ஆட்கள் ஏறி வருகிற முனையில் போய் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முதல் ஆள் கரகத்தோடு இறங்கிக் கரையேறி, அருள் வந்து அங்கேயே ஆட ஆரம்பித்தான். மாலையோடு நாலு பேர் அவனைச் சூழ்ந்தார்கள். பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி தணலுக்குள் வந்துகொண்டிருந்தாள்.

"நிக்காத. நகரு. பின்னால ஆளு வருது, நகரு, ஜல்தி."

சாம்பல் மேட்டில் எஞ்சின் ஊதலை மீறிக் கத்திப் பழகிய குரல். அருள் வந்தவன்கூட நகர்ந்தான். மாலை வைத்திருந்தவர்களை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பத்தடி தள்ளி நிறுத்தினாள். எண்பத்தேழு பேர் மிதித்தார்கள். எண்பத்தேழு தடவையும் நகரு என்றாள். கடைசியில் தொண்டை கட்டிப்போய் கையால் சைகை காட்டினாள். அந்த வருஷம் ஒருவர் காலும் பொத்தவில்லை. அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்றது ஊர். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கும் அம்மன்மேல் கோபமில்லை. தேங்காய் உடைத்துத் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எண்ணெய் காய்ந்தது. அம்சா அம்மாவின் அடுப்பில் புளிச்சக்கீரை கடைந்து இறக்கிவைத்து, கரண்டியில் மல்லாட்டை எண்ணெய் ஊற்றினாள். கடுகு வெடித்தபோது முதுகு வேர்த்தது. கையும் நடுங்கியது. பாதிக் கடுகு தீய்ந்தும் போயிற்று. கரண்டியை மட்டும் விடவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த வீரம்மாள், தீய்ச்சுட்டியேடி, முப்பது வயசுக் கழுதைக்குக் கடுகு தாளிக்கத் தெரியல என்றாள். மூன்று பேரும் ஒரே வட்டிலில் களியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அம்மா உருட்டிக் கொடுத்த கவளத்தை அம்சா வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சித்திரையிலும் அவள் கால் நொந்தது. முந்தின அளவுக்கு இல்லை, நாலு நாள்தான். அது எதற்கு நோகிறது என்று தெரிந்ததால் கம்பவுண்டரிடம் போகாமல், வெந்நீரில் வைத்துவிட்டுக் கரி பொறுக்கப் போனாள்.

சக்கரபாணி அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். பேசிக்கலாம் என்றவர் பேசவில்லை. அவர் மகன் நாட்டாண்மைக்கு வந்தபின் சாமி வீரம்மாள் வாசலில் நின்றது, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். எதற்காக இத்தனை நாள் நிற்கவில்லை, எதற்காக இப்போது நிற்கிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்சா ஒவ்வொரு வருஷமும் திடலில் போய் அம்மாவுக்கான அந்த ஒரு பேச்சைக் கேட்கிறாள். வெள்ளையம்மாள் சொன்னது அவளுடைய பங்கு. அம்சா சொன்னது அம்சாவின் பங்கு. ஊர் கூடிப் போட்ட பழியை ஊர் கூடித்தான் எடுக்க வேண்டும். வீரம்மா, நீ தாளிக்கலை, நாங்கதான் தப்பாச் சொன்னோம் என்கிற ஒரு பேச்சு, சாத்தமேடு வீரம்மாளுக்குக் கொடுக்க வேண்டியது, இன்னும் பாக்கி.